தவசிலிங்கம் எம்.பி. சொன்ன மூணு சரி

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏ செவப்புச் சட்டைத் தம்பி, எதுக்குப் படிக்கட்டுல தொங்குறே? பஸ்ஸு என்ன ஓடவா செய்யுது? உள்ள வா. யக்கா, அந்தக் கோழிய சீட்டுக்கு அடியில தள்ளுங்க. அதுவும் கேக்கட்டும், பாவம், அதுக்கும் பொழுது போகணும்ல. பேச்ச நிறுத்துங்க எல்லாரும். நீங்க கத்தினா தண்ணி வத்திருமா? டிரைவரண்ணே கம்ப விட்டு ஆழம் பாத்துட்டு வந்துட்டாக. இடுப்பளவு கெடக்கு. மோட்டார் போட்டிருக்காக, கேக்குதுல்ல? டொக்கு டொக்கு டொக்கு டொக்கு... எங்க எட்டிப் பாக்குறீக? அது மோட்டார் இல்ல, நான். மோட்டாரு அந்தா கெடக்கு, இன்னும் கயிறே சுத்தல.

சிரிச்சீகள்ல? அப்ப உக்காருங்க.

முன் சீட்டு மீசை அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டாக. 'எந்த மடையன்யா இந்த எடத்துல ரயிலுக்கு அடியில பள்ளத்தத் தோண்டுனான்?'னு. இந்த பஸ்ஸுல அம்பது பேரு இருக்கீக, அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான். சொல்றேன்.

எம்பேரு இருளப்பன். நோட்டீசுல 'பல குரல் இருளப்பன்'னு போடுவாக. கோயில் கொடை, கட்சி மேடை, கல்யாண வீடு, கூப்புட்ட எடத்துக்குப் போவேன். ஒரு கொரல ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும், இந்தா இங்கன, தொண்டைக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிரும். படிப்பு மூணாங்கிளாசு. ஒருநாளு எட்மாஸ்டர் கொரல்ல 'இன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு'ன்னேன், அத்தனை பிள்ளைகளும் வீட்டுக்குப் போயிருச்சு. மறுநாளு என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாக. அதோட சரி.

கண்டக்டர் தம்பி, ஒன்னையும் பிடிச்சிட்டேன். 'சில்லறையா குடுங்க, சில்லறையா குடுங்க, நான் என்ன பேங்கா வச்சிருக்கேன்?' பாத்தீகளா, அவனே சிரிக்கான். அந்தா ஜன்னலோரத்துல கூடைய மடியில வச்சிக்கிட்டு ஒரு அம்மா இருக்கே, அதத்தான் என்னால பிடிக்க முடியல. ஏறுன நேரத்துலருந்து வாயத் தொறக்கல. டிக்கெட்டு கேக்கையில கூட கடைசி ஸ்டாப்புன்னு கையத்தான் நீட்டுச்சு. நாட்டுல எல்லாரும் இப்பிடி இருந்தா எம் பொழப்பு என்னத்துக்கு ஆகும்? பேசுனாத்தானம்மா பிடிக்க முடியும்?

சரி, கெடக்கட்டும்.

நான் எங்க போறேன் தெரியுமா? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. லைசென்ஸ் குடுக்குற ஆபீசு இல்ல, கோட்டாட்சியர் ஆபீசு. மூணு மணிக்கு அங்க நிக்கணும். காயிதம் வந்திருக்கு. பாப்பா, நீ காலேஜிதான? இத வாசி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. ம்... ம்... 'ஆவரங்குளம் ரயில்வே சுரங்கப்பாதை'. இந்தப் பள்ளம்தான், நம்ம முன்னால தண்ணியா கெடக்கே, இதேதான். 'தேங்கிய நீர் காரணமாக நேர்ந்த இறப்பு குறித்த விசாரணை.' ம். ம். பேரெல்லாம் வேணாம் பாப்பா. பேரு கெடக்கு, தாண்டு. நேரத்த வாசி. மூணு மணி. போதும், குடு.

அங்க போயி நான் என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்துட்டாக. மூணே வார்த்தை. 'போன் தொலஞ்சு போச்சு.' இதச் சொல்லிட்டா நானும் தப்பிச்சேன், தவசிலிங்கம் அண்ணாச்சியும் தப்பிச்சாக. அவுகளுக்கு மறுபடியும் சீட்டு கிடைக்கும், எனக்கு மறுபடியும் மேடை கிடைக்கும். சொல்லலன்னு வைங்க, அவுகளுக்கு சீட்டு இல்ல, எனக்கு ஜெயிலு. ஜெயிலுக்குள்ள மிமிக்ரி பண்ணினா யாரு கைதட்டுவா? அதுக்கு இடையில இந்தத் தண்ணி வேற வழிமறிச்சுக்கிட்டுக் கெடக்கு.

எந்த போனுன்னு கேக்குறீக. வாரேன், வாரேன், அண்ணாச்சியிலருந்து வாரேன்.

தவசிலிங்கம் அண்ணாச்சி நம்ம தொகுதிக்கு அஞ்சு வருசம் எம்.பி.யா இருந்தவுக. தெரியாதவுக இருக்க மாட்டீக. ஊராட்சித் தலைவரா இருந்து, ஒன்றியமாகி, எம்.பி. ஆனவுக. வெள்ளாடு பெத்தாலும் வந்து விபூதி பூசுவாக, அப்பிடி ஒரு ஆளு. அவுக கொரலு இருக்கே, தகரத்துல ஆணிய இழுத்த மாதிரி இருக்கும். பேச முன்னால ஒரு கனைப்பு. கேளுங்க: 'க்ஹூம்... சரி தாயி... சரி, சரி... ஆகட்டும் தாயி.'

அந்தா! அந்தா! பாத்தீகளா? ஜன்னலோரத்து அம்மா திரும்பிருச்சு! இம்புட்டு நேரமும் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, எம்.பி. கொரலக் கேட்டதும் திரும்பிருச்சு. இதுதான்யா அந்தக் கொரலுக்கு இருக்குற மவுசு.

அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் குடுத்த பாடம் ஒண்ணுதான். 'ஏலே இருளப்பா, யாரு என்ன கேட்டாலும் இல்லன்னு சொல்லாத. சரின்னு சொல்லு. சரின்னா செய்யுறேன்னு அர்த்தமில்லலே. காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்.' எம்புட்டுப் பெரிய விசயம் பாருங்க. நாம கதை கேக்கையில 'ம்' கொட்டுவோம்ல, அதுதான் அவுக 'சரி'.

என்னைய டெல்லிக்கும் கூட்டிட்டுப் போனாக. சமையலுக்கு. அந்த ஊருச் சாப்பாடு அவுகளுக்கு ஒத்துக்கல, நான் வச்ச ரசத்துலதான் உசுரு நின்னுச்சு. சாயங்காலமானா அங்க இருக்குற மத்த ஊரு எம்.பி.மாரு மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவேன். என்ன பாசைன்னு எனக்குந் தெரியாது, அண்ணாச்சிக்குந் தெரியாது. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அப்பத்தான் நம்ம ஊருல ஒரு பேச்சு கெளம்புச்சு. ஆவரங்குளம் கேட்ட எடுக்கப் போறாகளாம். அந்தக் காலத்துல இந்த எடத்துல பள்ளமும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. தரையோட தரையா தண்டவாளம், ரெண்டு பக்கமும் கேட்டு, கேட்டுக்காரரு ஒருத்தரு. ரயிலு வந்தா சாத்துவாரு, போனா தொறப்பாரு. பிரசவம், பாம்புக்கடின்னு ஓடி வந்தா, வண்டி தூரத்துல இருந்தா போன்ல கேட்டுட்டு தொறந்து விட்டுருவாரு. நல்ல மனுசன். ஊருக்காரக எல்லாரும் கையெழுத்துப் போட்டு அண்ணாச்சிகிட்ட மனு குடுத்தாக. 'கேட்டு வேணும்னு நீங்க கேட்டு, கேட்டு நிலைச்சாத்தான் நாங்க கேட்டது கேட்டதா இருக்கும்.' இது மனுவுல இல்ல, நான் சேத்தது.

அண்ணாச்சி விடல. சபையில எந்திரிச்சுட்டாக! எனக்கு மேல உக்காந்து பாக்க பாஸு வாங்கிக் குடுத்திருந்தாக. என் கண்ணால பாத்தேன். 'க்ஹூம், எங்க ஆவரங்குளம் கேட்டு'ன்னு ஆரம்பிச்சாக. தமிழ்ல பேசணும்னா முன்னாடியே சீட்டு எழுதிக் குடுக்கணுமாம், அப்பத்தான் மாத்திச் சொல்றதுக்கு ஆளு வருமாம். அண்ணாச்சி குடுக்கல. எல்லாரும் காதுல மாட்டுற கருவிய மாட்டுனாக, தட்டுனாக, கழட்டுனாக. ஒசர நாற்காலியில இருந்தவரு கையக் காட்டி 'பைட்டியே, பைட்டியே'ன்னாரு. அண்ணாச்சி ஒரு கும்பிடு போட்டாக. அவரு மறுபடியும் 'பைட்டியே!' அண்ணாச்சி அந்தப் பக்கம் ஒரு கும்பிடு, இந்தப் பக்கம் ஒரு கும்பிடு. வெளிய வந்து 'பைட்டியேன்னா என்னலே?'ன்னு கேட்டாக. நான் சொன்னேன், 'பலே பலேன்னு அர்த்தமா இருக்கும் அண்ணாச்சி.'

ஒரு வாரம் கழிச்சு டீ கொண்டாந்த பையன்தான் சொன்னான், பைட்டியேன்னா உக்காருன்னு அர்த்தமாம்.

அதுக்கப்புறம் அண்ணாச்சி எந்திரிக்கல. எழுதிக் கொண்டு போயி மேசை மேல வச்சிட்டாப் போதுமாம், பேசின மாதிரியே பதிஞ்சுக்கிருவாகளாம். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு கேக்காதீக, யாரோ எழுதினது. மொத்தத்துல அஞ்சு வருசத்துல சபையில அண்ணாச்சி பேசினது, பதவியேத்தது ஒண்ணு, பைட்டியே ஒண்ணு, மேசை மேல வச்சது பதினாலு.

ஆனா ஊருக்கு அது தெரியணுமா? மக்க மனசு நோகக்கூடாதுல்ல? ஆவரங்குளத்துல கூட்டம் போட்டோம். மேடையில அண்ணாச்சி உக்காந்திருக்காக, நான் மைக்கப் பிடிச்சேன். 'அண்ணாச்சி டெல்லியில என்ன பேசினாகன்னு அப்பிடியே பேசிக் காட்டுறேன்'ன்னுட்டு, எடுத்தேன் பாருங்க. 'க்ஹூம்! அவைத் தலைவர் அவர்களே! எங்க ஆவரங்குளம் கேட்டுல கைய வச்சா, மொதல்ல ரயிலு எம் பொணத்து மேல ஓடட்டும்! பெறகு தண்டவாளத்து மேல ஓடட்டும்!' விசிலு! துண்டு பறக்குது! பொம்பளைக குலவ போட்டாக. அண்ணாச்சியே கைதட்டுனாக. அன்னைக்குக் கார்ல போகையில என்னையக் கேக்காக, 'இருளப்பா, நான் டெல்லியில பேசினத இன்னொரு தடவை சொல்லுலே, கேப்போம்.' கண்ணு கலங்கிருச்சு மனுசனுக்கு.

அந்த வாரம் ரயில மறிக்கணும்னு நூறு பேரு பேரு குடுத்து வச்சிருந்தாக. எம் பேச்சக் கேட்டதும், 'எம்.பி.தான் டெல்லியிலயே பேசிட்டாகளே, இனி எதுக்கு?'ன்னு கலஞ்சு போயிட்டாக. நூறு பேரு ஜெயிலுக்குப் போகாமக் காப்பாத்துனது இந்த நாக்கு. அதுக்கு ஒரு பொன்னாடை உண்டா? இல்ல.

மோட்டார் சத்தம் மாதிரி கேக்கு? இல்ல, இருமலு. யாருங்க அது? தண்ணி குடிங்க.

இப்ப போனுக்கு வாரேன். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினோம், 'குறையா? உடனே எம்.பி.யிடம் பேசுங்கள்'ன்னு போட்டு ஒரு நம்பரு. அந்த சிம்மு எம்பேருல வாங்கினது. போனு எங்கிட்ட. எவ்வளவு பேருக்குத்தான் அண்ணாச்சியே பேச முடியும்? நான் பேசுவேன். அவுக கொரல்லதான். ஒரு ஆளு கண்டுபிடிக்கல. அண்ணாச்சி சம்சாரமே ஒரு தடவை 'ராத்திரிக்கு என்ன வைக்கட்டும்?'னு கேட்டுச்சு, 'க்ஹூம், கோழி'ன்னேன், கோழி அடிச்சு வச்சிருச்சு. அம்புட்டு சுத்தம்.

அந்த நோய்க் காலம் வந்துச்சுல்ல, எல்லாரும் வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்தோமே. அப்ப கமிட்டிக் கூட்டமெல்லாம் போன்லயே நடந்துச்சு. ரயில்வே ஆலோசனைக் கமிட்டின்னு ஒண்ணு. அதுல அண்ணாச்சி மெம்பரு. பேசாட்டாலும் போவாக. வருகைப் பதிவு நூத்துக்கு நூறு. நோட்டீசுலயே அதத்தான் பெருசா போட்டிருந்தோம், 'ஒரு கூட்டம் தவறாத நாயகர்'ன்னு. அன்னைக்குன்னு பாத்து காண்ட்ராக்டர் ஒருத்தரு வீட்டுல பேரனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மாதிரி நிக்கணும் அண்ணாச்சி. 'இருளப்பா, லைனுல நீ இருந்துக்கோ. அவுக அவுக பேசுவாக. எம்பேரு வந்தா ஒரு சரி போட்டுரு'ன்னுட்டுப் போயிட்டாக.

இருந்தேன். ரெண்டு மணி நேரம். எல்லாம் இங்கிலீசு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல, பருப்பு வேற அடுப்புல கெடக்கு. திடீர்னு 'ஆவரங்குளம்'னான் ஒருத்தன். காதக் கூர்மையா வச்சேன். நம்ம ஊருல்ல! 'ஆவரங்குளம் கேட் குளோஸ்'ங்கான். 'மிஸ்டர் தவசிலிங்கம்?'ங்கான். எனக்கு அம்புட்டு சந்தோசம். ரெண்டு வார்த்தை வெளங்கிருச்சே! கேட்டுன்னா கேட்டு. குளோஸ்னா சாத்துறது. கேட்ட சாத்தணுமான்னு கேக்கான். நீங்களே சொல்லுங்க, ரயிலு வந்தா கேட்ட சாத்தாமத் தொறந்தா போட்டு வைப்பாக? சாத்தலன்னா ஆளு சாகாதா? அடிச்சேன் பாருங்க, 'க்ஹூம். சரி.' அவன் மறுபடியும் கேட்டான், சந்தேகம் போல. 'சரி.' மூணாவது தடவையும் கேட்டான். 'சரிங்கேன்ல? ஆகட்டும்!' அங்கிட்டு எல்லாரும் 'தேங்க் யூ, தேங்க் யூ'ங்காக. நானும் தேங்க் யூன்னேன்.

மூணு மாசம் கழிச்சு புல்டோசர் வந்து நிக்கு. கேட்டப் பிடுங்குறாக. கேட்டுக்காரரு பெட்டிய எடுத்துக்கிட்டுப் போறாரு. ஊருக்காரக கேட்டதுக்கு கமிட்டி எழுதி வச்ச காயிதத்த விரிச்சுக் காட்டுனாகளாம். கேட்ட நிரந்தரமா மூடிட்டு அடியில சுரங்கப்பாதை போடுறதுக்கு, உறுப்பினர் தவசிலிங்கம் மூணு தடவை சம்மதம் சொன்னாருன்னு போட்டிருக்கு. அஞ்சு வருசத்துல அண்ணாச்சி பேசி ஒரு காரியம் நடந்துச்சுன்னா, அது இது ஒண்ணுதான்.

சிரிக்கக் காணோமே? அந்த எடத்துல எல்லா ஊருலயும் சிரிப்பாகளே. நாலஞ்சு எடத்துல சொல்லியிருக்கேன், நல்லா எடுபடும்.

அண்ணாச்சி என்னையத் திட்டல. துண்ட ஒதறித் தோள்ல போட்டாக. பெறகு சொன்னாக, 'நீ பேசினன்னு சொன்னா, நான் வரலன்னு ஆயிரும். நான் பேசினேன்னா, கேட்ட வித்தவன்னு ஆயிரும். ஒண்ணு செய்யி. சுரங்கப்பாதை தந்த நாயகனேன்னு பேனரு வைச்சிரு.' வச்சோம். மாலை போட்டோம். அண்ணாச்சி அந்தக் குழியில எறங்கி நின்னு போட்டோ எடுத்தாக. அப்ப காஞ்சு கெடந்துச்சு.

பெறகு ஐப்பசி மழை வந்துச்சு. இப்ப நீங்க பாக்குறீகளே, இதே மாதிரி.

மழைக்கு மறுநாளே ஒரு அம்மா போன் பண்ணுச்சு. ஆவரங்குளத்துக்காரிதான். பேரு சொல்லுச்சு, நான் எங்க ஞாபகம் வச்சேன், 'தண்ணி அம்மா'ன்னுதான் சொல்லுவேன் போனு அடிச்சா. அந்தக் கொரலக் கேளுங்க, உள்ளுக்குள்ளயே போயிரும், கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி: 'ஐயா... ஐயா, நாந்தான்யா... பள்ளத்துல தண்ணி நிக்குதுய்யா... எம் மவ பிரசவத்துக்கு வந்திருக்குய்யா... நாள் நெருங்கிருச்சுய்யா... ஒரு மோட்டார் மட்டும் அனுப்பிருங்கய்யா...' பாத்தீகளா, மூக்க உறிஞ்சுறது உட்பட அப்பிடியே வரும். சிரிங்க, பரவால்ல. கண்டக்டர் தம்பி சிரிச்சிட்டான். நான் என்ன சொல்லுவேன்? 'க்ஹூம். சரி தாயி. நாளைக்கு மோட்டார் வந்துரும் தாயி. ஆகட்டும்.'

அது மறுநாளும் பண்ணும். மறுநாளும் சரி. அதுக்கு மறுநாளும் சரி. ஒருநாளு 'ஐயா நீங்க நல்லா இருக்கணும்யா, ஒங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்யா'ன்னு அழுதுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அண்ணாச்சிகிட்டயும் சொன்னேன், சொல்லாம இல்ல. 'சரிலே'ன்னாக. அதுக்கு மேல நான் என்ன செய்ய? மோட்டாரு என்ன என் தொண்டைக்குள்ளயா இருக்கு? இருந்தா டொக்கு டொக்குன்னு நானே எறச்சிருப்பேன்.

பன்னெண்டு தடவை பண்ணுச்சு. பன்னெண்டாவது தடவைதான் எனக்குப் பெரிய அவமானம் ஆயிப்போச்சு. நான் பாட்டுக்கு 'சரி தாயி'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், பின்னாலருந்து ஒரு பிள்ளை கொரலு. அந்தம்மா மவ போல. 'எம்மா, வச்சிரும்மா. அது எம்.பி. இல்ல.'

இருவது வருசமா மேடையேறுறேன். அண்ணாச்சி சம்சாரம் கண்டுபிடிக்கல, கமிட்டியில பெரிய பெரிய அதிகாரிக கண்டுபிடிக்கல. முகம் தெரியாத ஒரு பிள்ளை, தள்ளி நின்னு கேட்டே பிடிச்சிருச்சு. எங்க தப்பு பண்ணினேன்? கனைப்புலயா? 'ஆகட்டும்'லயா? ரெண்டு நாளு தூங்கல நான். தொழிலுன்னு ஒண்ணு இருக்குல்ல.

அந்தப் பிள்ளை கொரலயும் பேசிக் காட்டணுமா? எதுக்குய்யா. அது... ஒரு வார்த்தைதான கேட்டேன். வராது. ஒரு தடவை கேட்டா வந்துரும்னு சொன்னேன்தான். இது வேணாம், விடுங்க. இந்தா, கோழி கொரலு செய்யுறேன், நம்ம யக்கா கோழிக்கே சந்தேகம் வந்துரும்...

வேணாமா. சரி.

மூணாம் நாளு பேப்பர்ல வந்துச்சு. நான் படிக்கல, டீக்கடையில வாசிச்சாக. ஆவரங்குளத்துப் பிள்ளை ஒண்ணுக்கு மத்தியானம் வலி கண்டிருக்கு. ஆம்புலன்ஸு வந்திருக்கு, அந்தக் கரையோட நின்னுருச்சு, தண்ணி கழுத்தளவு. இந்தக் கரையிலருந்து பிள்ளையக் கட்டிலோட தூக்கிக்கிட்டு தண்டவாளத்து மேல ஏறியிருக்காக, அந்தப் பக்கம் எறங்கிரலாம்னு. அந்நேரம் பாத்து கூட்ஸ் வண்டி ஒண்ணு சிக்னலுக்கு நின்னுக்கிட்டு இருக்கு. அம்பது, அறுவது பெட்டி. இந்தக் கடைசியும் தெரியல, அந்தக் கடைசியும் தெரியல. கட்டில அடியில நுழைக்க முடியுமா? வண்டி எப்ப நகரும்னு யாருக்குத் தெரியும்? கேட்டுக்காரரு இருந்தா போன்ல கேட்டுச் சொல்லுவாரு. அவருதான் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே. கட்டில ஜல்லிக்கல்லு மேலயே எறக்கி வச்சிட்டு நின்னிருக்காக. ஆம்புலன்ஸு அந்தப் பக்கம் ஊதுது. பெட்டிக்கு நடுவுல தெரியுதாம், செவப்பு லைட்டு சுத்துறது. கத்துனா கேக்குற தூரம்.

முக்கா மணி நேரம் நின்னுச்சாம் வண்டி.

கெளம்பும்போது ஒரு ஊதலு ஊதும்ல. பூ... ம்ஹூம். இன்னைக்குத் தொண்டை சரியில்ல. ஈரக்காத்து.

தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.

அது அந்தத் தண்ணி அம்மா மவதானான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆவரங்குளத்துல ஒரு பிள்ளைதான் மாசமா இருக்குமா? எத்தனையோ பேரு இருப்பாக. அந்த அம்மா அதுக்கப்புறம் போன் பண்ணலதான். மோட்டார் வந்திருச்சு போலன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நெனைக்கக்கூடாதா?

இப்ப விசாரணை. யாரோ ஒரு பொம்பள ஆர்.டி.ஓ.கிட்ட எழுதிக் குடுத்திருக்கு, எம்.பி.கிட்ட பன்னெண்டு தடவை பேசினேன், பன்னெண்டு தடவையும் சரின்னாருன்னு. அண்ணாச்சி, எனக்கு ஒரு போனும் வரலன்னுட்டாக. அது உண்மைதான, அவுகளுக்கு வரலல்ல? கமிட்டியில சரின்னது மட்டும் அவுகளேதான்னு ஒத்துக்கிட்டாக, ஒத்துக்கிடலன்னா வருகைப் பதிவு போயிரும். சரின்னா சம்மதம் இல்ல, 'ம்' கொட்டுனதுன்னு வக்கீல வச்சு எழுதிக் குடுத்துட்டாக. மிச்சம் அந்த சிம்மு ஒண்ணுதான். எம்பேருல இருக்கு. அதுக்குத்தான் மூணு வார்த்தை. போன் தொலஞ்சு போச்சு. எப்ப தொலஞ்சுச்சு? மழைக்கு முன்னால. யாரு எடுத்தா? தெரியாது. வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன். அடுத்தவுக கொரல்ல சொன்னா பொய் நல்லா வருது, எங்கொரல்ல சொன்னாத்தான் தடுமாறுது. வாய்தான் பழகணும்.

மீசை அண்ணாச்சி, அப்பிடிப் பாக்காதீக. மடையன் யாருன்னு கேட்டீக, சொல்லிட்டேன். நான் என்ன குழி தோண்டினேனா? மழையப் பெய்யச் சொன்னேனா? கூட்ஸு வண்டிய நிறுத்தினேனா? மூணு தடவை சரின்னேன். சரின்னா கெட்ட வார்த்தையா? இங்க இத்தனை பேருகிட்ட ஒளிக்காமத்தான சொல்றேன். நீங்க வழிப்போக்கரு, எறங்கினா ஒங்க சோலியப் பாத்துப் போயிருவீக. ஆர்.டி.ஓ. அப்பிடியா?

என்ன, எல்லாரும் கப்சிப்புன்னு ஆயிட்டீக? பேச்ச நிறுத்துங்கன்னு மொதல்ல தொண்ட கிழியக் கத்தினேன், ஒருத்தரு கேக்கல. இப்பப் பேசுங்கய்யா. யாராவது பேசுங்க.

அந்தா, மோட்டாரு ஓடிருச்சு. இது நான் இல்ல, நெசம்மா மோட்டாரு. டிரைவரண்ணே கைகாட்டுறாக. ரெண்டரைக்குள்ள போயிரலாம்.

யாரும்மா எந்திரிக்கிறது? ஜன்னலோரத்து அம்மாவா? கடைசி ஸ்டாப்பு இன்னும் இருக்கும்மா, உக்காரு. அது என்ன கூடைக்குள்ளருந்து எடுக்குறே? காயிதமா? எங்கிட்ட எதுக்கு நீட்டுறே, எனக்குப் படிக்கத் தெரியாது. பாப்பா, இது என்னன்னு பாரு. என்ன பாப்பா, ஏன் அப்பிடி முழிக்கிறே? எங்காயிதம் மாதிரியே இருக்கா? அதே மூணு மணியா?

நீ... நீ எந்த ஊரும்மா? இல்லம்மா, நான் ஒண்ணுந் தப்பா... சும்மா ஒரு தமாசுக்கு, பொழுது போகட்டுமேன்னு... எல்லாரும் சும்மா இருங்கய்யா, அம்மா என்னமோ சொல்லுது. சொல்லும்மா. கேக்கேன். சரி. சரிம்மா, சொல்லு.

"எங்கொரலு நல்லாத்தான் வருது ஒனக்கு. எம் மவ கொரலயும் ஒரு தடவை கேட்டிருக்கேல்ல? மூணு மணிக்கு ஆர்.டி.ஓ. முன்னால அதப் பேசு."